நேற்றே வந்துவிட்ட மங்குஸ்தான்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம், இதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கணவரோடு பினாங்குக்குப் போனேன். அங்கே ரம்புத்தான் பழத்தைப் பார்த்து, கம்பளிப்பூச்சி சுருண்டு கிடக்கிறதென்று முதலில் தொடவே இல்லை. டுரியான் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினேன். மங்குஸ்தானில்தான் மயங்கி விழுந்தேன். கருஞ்சிவப்புத் தோலை நசுக்கினால் உள்ளே பூண்டுப் பல் மாதிரி வெள்ளைச் சுளை. எங்கள் ஊர் புதுவயலில் நடக்க முடியாமல் படுத்துக் கிடந்த என் அக்கா ஞானத்துக்கு எழுதினேன். எப்படி இருக்கும், எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பாள். எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன். ஒரு ருசியைச் சொல்ல வரவில்லையே என்று என் மேலேயே எரிச்சல்.

மூன்றாம் வருஷம் ஊருக்குக் கிளம்பும்போது ஒரு கூடை வாங்கிக் கப்பலேறினேன். வழியிலேயே பாதி அழுகியது, மீதி கல்லாக இறுகியது. நாகப்பட்டினம் வந்து சேர்வதற்கு முந்தின நாள் உச்சிவேளையில், ஆத்திரம் தாங்காமல் கூடையோடு கடலில் வீசினேன்.

மறுநாள் சாயங்காலம் அக்கா கட்டிலருகே போனதும் அழுதுவிட்டேன்.

"ஒண்ணுகூடக் கொண்டுவர முடியலக்கா."

அக்கா சிரித்தாள். "என்னடி சொல்ற? நேத்து மத்தியானம் நீதான உரிச்சு ஊட்டிவிட்ட? நுங்குக்குள்ள எலந்தப்பழத்தை நசுக்கிவிட்ட மாதிரில்ல இருந்துச்சு!"

மூன்று வருஷமாக எனக்குக் கிடைக்காத வார்த்தை. அவள் தலையணையில் ஊதாக் கறை. மங்குஸ்தான் உரித்து உரித்து என் சேலைகளில் ஏறி, எத்தனை துவைத்தும் போகாத அதே கறை.

அரிசி ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த அக்கா கணவரிடம் ஓடினேன்.

"நேத்து யாரு வந்தா? நீக பாத்தீகளா அத்தான்?"

"நான் மில்லுல கெடந்தேன் தாயி. வந்து பாத்தா கட்டிலுக்கு அடியில ஏதோ தோலு. மாதுளைன்னு நெனச்சுக் கூட்டித் தள்ளிட்டேன்."

குப்பைமேட்டைக் கையாலேயே கிளறினேன். ஒன்றும் அகப்படவில்லை. திரும்பி வந்து, "அது நானில்லக்கா, நேத்து நான் கடல்ல இருந்தேன்!" என்று கத்தினேன். அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் அக்கா போய்விட்டாள். அதுவரை ஊரிலேயே தங்கி நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் ஊட்டினேன். சில நாள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு என் முகத்தையே உற்றுப் பார்ப்பாள். பிறகு வாசலைப் பார்த்தபடி கேட்பாள்:

"அன்னைக்கு வந்தவ மறுபடி எப்ப வருவா?"