நீங்க மொதல்ல வாசிங்க

மரியாதையால் ஒரு கச்சேரி நின்றுபோனதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? போன சனிக்கிழமை நான் பார்த்தேன். நம் கோயம்புத்தூரில், ஒரு கிளப் ஹாலில், முன்வரிசையில் வேர்த்து விறுவிறுத்துப்போய் உட்கார்ந்து பார்த்தேன்.

என் நண்பன் பொன்னுசாமியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் ஹோட்டல் ஒன்றில் பிடில் வாசித்துவிட்டு ஊர் திரும்பியவன். வரும்போது ஜாஸ் என்கிற வியாதியையும் கூடவே கொண்டுவந்துவிட்டான். சங்கீதத்தை வெள்ளைக்காரர் பாணியில் காகிதத்தில் எழுதுகிறான். ஆனால் நடுவில் சில இடங்களைக் காலியாக விட்டுவிடுகிறான். அங்கே அவரவர் மனோதர்மப்படி புகுந்து விளையாட வேண்டுமாம். நம் வித்வான்கள் காலங்காலமாகச் செய்கிற காரியம்தானே என்று கேட்டேன். "அது வேற, இது வேற" என்றான். இன்றுவரை எனக்கு வித்தியாசம் விளங்கவில்லை.

இதற்காக ஐந்து பேரைச் சேர்த்து ஒரு சின்ன ஆர்கெஸ்ட்ரா. அவனும் இன்னொருவரும் பிடில். நாடகக் கம்பெனி நாச்சிமுத்து கிளாரினெட். மிருதங்கத்துக்கு ஒருவர். சாக்ஸபோனுக்குப் போத்தனூர் ரயில்வே கார்டு, ஆங்கிலோ இந்தியரான ராபர்ட் துரை.

பொன்னுசாமியின் மாமனாருக்கு அவிநாசியில் பஞ்சு ஜின்னிங் மில் இருக்கிறது. மாப்பிள்ளை பிடிலும் கையுமாக அலைவது அவருக்கு ஆகவில்லை.

"இந்தக் கச்சேரியோட பாருங்க மாப்ளே. வேலை கெடச்சுதுன்னா சந்தோசமுங்க. இல்லீன்னா திங்கக்கெழமை மில்லுக்கு வந்துருங்க. உங்களுக்குன்னு நாற்காலி போட்டு வெச்சிருக்கறனுங்க."

எவ்வளவு மரியாதையான மிரட்டல், பாருங்கள்.

வேலை கொடுக்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். டாக்கி எடுப்பதற்காக இங்கே புதிதாக ஸ்டுடியோ போட்டிருக்கும் மதுரைக்காரர். மாதச் சம்பளத்துக்கு வாத்தியக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தார். அவரை ஹாலுக்கு இழுத்து வந்தது நான்தான். அதனால்தான் அந்த வேர்வை.

கச்சேரி நன்றாகவே ஆரம்பித்தது. எழுதி வைத்த பகுதி முடிந்தது. காலி இடம் வந்தது. பொன்னுசாமி பிடிலிலிருந்து வில்லை எடுத்துவிட்டு நாச்சிமுத்துவைப் பார்த்துத் தலையசைத்தான். நாச்சிமுத்து கிளாரினெட்டை வாய்வரை கொண்டுபோனார்... பிறகு இறக்கிவிட்டார்.

"பெரியவங்க நீங்க இருக்கறப்ப நானுங்களா? நீங்க மொதல்ல வாசிங்க" என்றார், இரண்டாவது பிடில்காரரைப் பார்த்து.

"அதெப்படிங்க? தொரை நம்மூட்டு விருந்தாளிங்க. அவரு வாசிக்கட்டுமுங்க" என்றார் பிடில்.

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ராபர்ட் துரைக்கு இந்தச் சங்கோஜமெல்லாம் இருக்காதே! ரயில்வே காலனி டான்ஸில் யாரையும் கேட்காமல் பாய்ந்து வாசிக்கிற மனுஷன் ஆயிற்றே!

துரை எழுந்து நின்றார். "பரவால்லீங்க, நீங்களே ஆரம்பிச்சுப்போடுங்க" என்றார்.

மறந்தே போய்விட்டது. பிறந்து வளர்ந்தது போத்தனூராயிற்றே.

அப்படியானால் பொன்னுசாமியே வாசித்துத் தொலைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி வாசிப்பான்? விருந்துக்கு அழைத்தவன் முதல் ஆளாக இலையில் கை வைப்பானா? நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிருதங்கம் மட்டும் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பாவம், நிறுத்தும்படி அவரிடம் யாரும் சொல்லவில்லை. மதுரைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் மேடை ஏறி நானே அந்தக் கிளாரினெட்டை ஊதியிருப்பேன். எங்கே ஊத வேண்டும் என்று தெரியாததால் சும்மா இருந்தேன்.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் இடித்தது. பஞ்சு மெஷின் சத்தத்தில் ஆள் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"ஏனுங்க, ஆராச்சும் ஒருத்தரு வாசிச்சுப்போடுங்க சாமி. பொழுது போவுதுல்லங்க?"

மாமனார்! மில் நாற்காலி தயாராக இருந்தும், மாப்பிள்ளை நாலு பேர் முன்னால் அசிங்கப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நெகிழ்கிறது.

பெரியவர் வார்த்தையைத் தட்டலாமா? நாலு பேரும் ஒரே சமயத்தில் ஆரம்பித்தார்கள். கிளாரினெட் ஒரு ராகம், பிடில்கள் இரண்டு ராகம், சாக்ஸபோன் எது என்று ஆண்டவனுக்கே வெளிச்சம். மாமனார் பயந்துபோய், "ஒவ்வொருத்தராங்க, ஒவ்வொருத்தராங்க" என்று கத்தினார். அது அவர்கள் காதில் விழவேயில்லை.

போச்சு, திங்கட்கிழமை மில்தான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

மதுரைக்காரர் என் தோளைத் தட்டினார். "யோவ், படத்துல புயலு, சண்டை, ரயிலு கவுந்தது... எல்லாத்துக்கும் இப்படி ஒண்ணத்தான்யா தேடிக்கிட்டிருந்தேன். செட்டை எடுத்துக்கிறேன். ஆனா பின்னாடி கத்துற பெரியவரும் கூடவே வரணும். அவரு இல்லாட்டி இது எடுபடாது."

மாமனாரிடம் போய்ச் சொன்னோம். முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஆனால் ஐந்து வித்வான்கள் கைகட்டி நின்று, "வந்துபோட்டுப் போனீங்கன்னாப் போதுமுங்க" என்று கேட்டால், அவிநாசிக்காரர் எப்படி முடியாது என்பார்?

திங்கட்கிழமை மில்லில் நாற்காலி இரண்டும் காலி. மாமனாரும் மாப்பிள்ளையும் ஸ்டுடியோவில்.

நேற்று கடைவீதியில் மாமனார் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆளே வாடியிருந்தார்.

"ஏனுங்க, நா கத்தறது சுருதி சேரலீன்னு மாப்ள சொல்றாருங்க. நீங்களுந்தான் கேட்டீங்களே. உங்களுக்கு எப்பிடிங்க பட்டுது?"

நானும் இந்த ஊர்க்காரன்தானே... "பிரமாதமுங்க" என்றேன்.