சக்கைக் குழிக்குக் காற்றோட்டம்

தங்கச் சுரங்கத்தில் ஆள் வருகை பதியும் டைம் ஆபீசில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம். மகளுக்கு இரண்டு மாதம். பங்குனியில் வந்த காய்ச்சலில் என் மனைவிக்குத் தாய்ப்பால் நின்றுபோனது. எங்கள் ஒரே பசுவின் பால்தான் குழந்தைக்கு ஆகாரம். அந்தக் கோடையில் வைக்கோல் கிடைக்கவில்லை. பசுவின் மடி நாளுக்கு நாள் சுருங்கியது.

ராபர்ட்சன்பேட்டைக்கு அப்பால் துரைமாருக்குப் பீர் காய்ச்சும் சின்ன ஆலை ஒன்று இருந்தது. வடித்தபின் மிஞ்சும் பார்லிச் சக்கை பதினைந்து நாளைக்கு ஒருமுறை வண்டியில் வரும். மாடு ஆசையாகத் தின்னும். ஆனால் ஈரச் சக்கை மூன்றாம் நாளே கெட்டுவிடும். பக்கத்து லைன் வீடுகளில் எருமை வைத்திருந்த பால்காரர் ஒரு வழி சொன்னார்: குழி வெட்டிக் கொட்டி, உப்புத் தூவி, காலால் மிதித்து, சேறு பூசி மூடிப் பத்து நாள் தொடாமல் விட்டால் மாதக்கணக்கில் இருக்கும். நான் குழி வெட்டிச் சக்கையைக் கொட்டியபோது ஒரு மூலையை அவரே மிதித்தும் காட்டினார்.

எனக்கு இதில் ஒரு குறை தெரிந்தது. காற்றுக் குழாய் இல்லாத சுரங்கத் தளத்தில் ஆளை இறக்கக் கூடாது என்ற விதியை நானே நான்கு முறை பிரதி எடுத்தவன். பூமிக்கடியில் காற்று போகாமல் எது பிழைக்கும்? அவர் மிதித்த மூலைக்கு எதிரே இரண்டு மூங்கில் குழாய்களை நட்டு, சுற்றிலும் சேறு பூசி மூடினேன்.

குழந்தையைத் தோளில் போட்டபடி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள யாருங்க ஷிப்ட்டு போப்போறாங்க?"

பதில் சொல்லத் தகுந்த கேள்வியாக அது எனக்குப் படவில்லை.

காய்ந்த புல்லைப் போட்டுப் பத்து நாளைத் தள்ளினோம். குழியைத் திறந்தபோது மூங்கிலைச் சுற்றிப் பச்சையும் நீலமுமாகப் பூசணம். அன்று காலை பசு கறந்தது ஒரே டம்ளர். மேலே சுரண்டிவிட்டு மிச்சத்தைப் போடலாம் என்றேன். பூசணம் தின்று மாடு படுத்துவிட்டால் குழந்தைக்கு எதைக் கொடுப்பது என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுக் குழியில் இறங்கினாள். பிடி பிடியாக எடுத்து முகர்ந்து, சந்தேகப்பட்டதையெல்லாம் வெளியே எறிந்தாள். பால்காரர் மிதித்த மூலையின் அடியில் சக்கை மஞ்சளாகவே இருந்தது. புளித்த மாவின் வாசனை. கொஞ்சம் வாயில் போட்டுப் பார்த்தாள்.

"இது நல்லா கீதுங்க. காத்து படாத எடம்."

மூன்று கூடை தேறியது. புல்லோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து வைத்தோம். மூன்றாம் நாள் பால் ஏறியது. பாலாடையில் புகட்டியதைக் குழந்தை மிச்சம் வைக்காமல் குடித்து உறங்குவதைப் பார்த்துக்கொண்டே நான் ஆபீசுக்குப் போகாமல் இருந்துவிட்டேன். லீவு விண்ணப்பத்தில் 'அவசர வேலை' என்று எழுதினேன்.

அடுத்த வண்டி வந்தபோது குழாய்களைப் பிடுங்கிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி நானே குழியில் இறங்கினேன். அவள் விளிம்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னாங்க, ஆபீசுக்குப் போற மாதிரி நடக்கறீங்க? அழுத்தி மிதிங்க."

மிதித்தேன். ஆனியில் மகள் பாயில் முதல்முறையாகக் குப்புற விழுந்தாள்.