டிக்கெட் கலெக்டர் ஆரம்பித்த ரக்பி சங்கம்

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருக்கும், பாதி மறந்தும் போச்சு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் செங்கல்பட்டு ஸ்டேஷனில் டிக்கெட் கலெக்டர். ஒட்டடைக் குச்சி உயரம். கொளுத்தும் வெயிலிலும் கறுப்புக் கோட்டு, கக்கத்தில் முட்டை மாதிரி ஒரு பந்து. செங்கல்பட்டில் ரக்பி சங்கம் ஆரம்பிக்க அவருக்கு ஆசை. பட்டணத்து டீமோடு ஆடிக் காட்டினால்தான் பட்டணத்துப் பெரிய சங்கத்தில் இவர் சங்கத்தைச் சேர்த்துக்கொள்வார்களாம். ஸ்டேஷன் ஆட்கள் போதாமல், மாமல்லபுரத்துக்கு வந்து, வலை இழுக்கிற என் வீட்டுக்காரரையும் கூட்டாளிகளையும் பிடித்தார்.

கடற்கரை மணலில் ஆட்டம். குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிராளிகளைத் தள்ள வேண்டும். அவர் விசில் ஊதியதும், கடலைப் பார்த்து நின்ற எங்கள் ஆட்கள் எதிராளிகளைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். பட்டணத்துக்காரர்கள் நான் காயவைத்த நெத்திலிமேல் குப்புற விழுந்தார்கள்.

"தள்ளுங்கய்யா! சங்கமே பூடும்!" என்று அவர் கத்தினார்.

"தள்ளுனா வலை கடல்ல பூடுமே சார்!" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்நிய ஆம்பளையிடம் பேசியறியாத நான் எப்படியோ சொல்லிவிட்டேன்: "கரையப் பாத்து நிக்க வையுங்க சார். படகக் கரைமேல ஏத்துறாப்பல தள்ளுவாங்க."

"அப்டியாம்மா?" என்றவர் ஓடிப்போய் இரண்டு பக்கத்தையும் இடம் மாற்றினார்.

தள்ளினார்கள். பட்டணத்துக்காரர்கள் கருவாட்டையும் தாண்டிச் சவுக்குத் தோப்பில் போய் நின்றார்கள். அவர்கள் தலைவர் மீசையில் நெத்திலியோடு, "சேத்துக்கினோம், வுடுங்கய்யா!" என்றார்.

என் பேச்சைக் கேட்டு ஒருத்தர் ஒன்றை மாற்றியது அன்றுதான். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவது சட்டமே என்று இப்போது சொல்கிறார்கள். அவர் எனக்காக மாற்றினாரா, நேரம் வந்ததென்று மாற்றினாரா? விவரம் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.