கோழிப் பண்ணையில் ஒரு தறி வீடு

பத்திரம் எழுதுவது என்பது யாரும் பேசாத தமிழை எழுதி, யாரும் படிக்காமல் கையெழுத்து வாங்குகிற தொழில். காஞ்சிபுரத்தில் இருபது வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பத்திரத்தால் அவதிப்பட்ட மகாஜனங்களே, உங்களை அவதிப்படுத்தியவர்களில் ஒருவன் பேசுகிறேன், கேளுங்கள்.

பதினோரு மாதச் சூரியன்

முசரவாக்கத்துக்காரர் ஒருவர் தன் கடையைப் பதினோரு மாதத்துக்கு வாடகைக்கு விட ஒப்பந்தம் எழுத வந்தார். அடித்து நீட்டினேன். முகம் சுளித்தார். அவர் அப்பா வாங்கிய கிரயப் பத்திரத்தில் 'சூரிய சந்திரர் உள்ளவரை' என்று இருக்கிறதாம், இதில் ஏன் இல்லையாம். ஐயா, அது சொத்தை விற்கும்போது எழுதுவது, வாடகைக்கு எழுதினால் குடி வந்தவன் சூரியன் அணையும்வரை எழுந்திருக்க மாட்டான் என்று தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே? சரி, எனக்கென்ன வந்தது என்று பதினோரு மாதத்தையும் சூரிய சந்திரரையும் ஒரே வரியில் போட்டுக் கொடுத்தேன்.

மனுஷனுக்கு ஏக சந்தோஷம். போகும்போது என் முதுகைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எழுத்துன்னா வெயிட்டா இருக்கணும்பா. அர்த்தத்த எல்லாம் வக்கீல் பாத்துப்பாரு."

எல்லை சொன்ன ஏகாம்பரம்

தென்னேரி ஏகாம்பரம் பட்டு நெசவாளி. மகன் சேகர் மனை புரோக்கர். மகள் மல்லிகா அப்பாவோடு தறியில் உட்கார்ந்தவள். வீட்டை மல்லிகா பேருக்கே தானமாகச் செட்டில்மெண்ட் எழுத வேண்டும் என்று வந்தார். சேகரும் கூடவே வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டான். அன்றைக்கு அவ்வளவு நல்ல பிள்ளை.

எங்கள் தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். புதுப் பத்திரம் என்று ஒன்று கிடையவே கிடையாது. முந்தின ஆளின் பத்திரத்தைக் கம்ப்யூட்டரில் திறப்போம், பேரை மாற்றுவோம், முடிந்தது. ஏகாம்பரம் அதற்கு விட்டால்தானே? பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு எல்லை சொல்ல ஆரம்பித்துவிட்டார். கிழக்கே தெரு, மேற்கே கிணறு, வடக்கே பச்சையம்மாள் வீட்டுச் சுவர், தெற்கே மாரியம்மன் கோயில் சந்து, இதற்கு நடுவில் இரண்டு தறி போட்டிருக்கிற ஓட்டு வீடு.

"தறியெல்லாம் பத்திரத்துல எதுக்குப் பெரியவரே?" என்று எரிந்து விழுந்தேன். அவர் அசையவில்லை. "எழுதுப்பா. தறிக்குப் பாவு நூல நீட்ட எடம் இல்லன்னா அவ எங்க போய் நெய்வா?"

மாறாத நம்பர்

சில வருஷத்தில் ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தார். காரியம் முடிந்த சூட்டோடு சேகர் வீட்டை விற்க ஆள் பிடித்து, தங்கையின் பத்திரத்தைக் கிளற ஆரம்பித்தான். பேர் சரி, எல்லை சரி. சர்வே நம்பர் மட்டும் அதே ஊரில் யாரோ ஒருவருடைய கோழிப் பண்ணை! முந்தின ஆளின் பத்திரத்தில் இருந்த நம்பர் அது. பேரை மாற்றிய நான் நம்பரை மாற்றவில்லை. பிழை திருத்தல் பத்திரம் போடலாம் என்றால், போட வேண்டியவர் உயிரோடு இல்லை.

பத்திரம் செல்லாது, வீட்டில் தனக்குப் பாதி, விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்று சேகர் கேஸ் போட்டான். அந்த வீட்டில் பாதியை வைத்துக்கொண்டு தறி போட முடியாது. மல்லிகாவுக்குப் பிழைப்பும் போய்விடும், படுக்க இடமும் போய்விடும். சம்மன் வந்த அன்றைக்குக் காகிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். கத்துவாள், நாலு வார்த்தை திட்டுவாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அமைதியாகத்தான் பேசினாள். "கோழிப் பண்ணைக்காரரு ஒத்துக்கினா நான் அங்கயே போய் நெய்யறேண்ணா. நீங்களே கேட்டுச் சொல்லுங்க." நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

படித்துப் பார்த்த சாட்சி

கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். அனுபவம் எத்தனை வருஷம் என்று சேகரின் வக்கீல் கேட்டார். சொன்னேன். அதற்கப்புறம் அவர் ஒன்றும் கேட்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் நாலு அறை வாங்கியிருக்கலாம்.

அடுத்து சேகர் ஏறினான். அப்பா எந்த வீட்டை எழுதிக் கொடுத்தார் என்று தெரிந்துதானே சாட்சிக் கையெழுத்துப் போட்டாய் என்று மல்லிகாவின் வக்கீல் மடக்கினார். பத்திரத்தைப் படிக்கவே இல்லை என்றான். மனை புரோக்கர்! ஊருக்கே பத்திரம் பார்த்துச் சொல்கிறவன்! ஏன் படிக்கவில்லை என்று நீதிபதி அம்மா கேட்டதற்கு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் சொன்னான்: "நம்ம ஊர்ல யாரு மேடம் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடறான்?"

பத்திரம் நின்ற கதை

தீர்ப்பு நாளில் மல்லிகா கோர்ட்டுக்கு வந்திருந்தாள். நீதிபதி அம்மா சுற்றி வளைக்கவில்லை. நம்பரைப் பிடித்துக்கொண்டு படித்தால் ஏகாம்பரம் யாருடைய பண்ணையையோ தானம் கொடுத்தவர் ஆவார், பத்திரம் செத்துப்போகும். எல்லையைப் பிடித்துக்கொண்டு படித்தால் தன் சொந்த வீட்டைக் கொடுத்தவர் ஆவார், பத்திரம் பிழைக்கும். ஒரு மனுஷன் இவ்வளவு தூரம் வந்து, கையெழுத்துப் போட்டு, மகளுக்கு ஒன்றுமே கொடுக்காமல் போக நினைப்பாரா? அதனால் பிழைக்கிற அர்த்தம்தான் அர்த்தம், வீடு மல்லிகாவுக்கு என்று முடித்தார். சேகர் வேகமாக வெளியே போய்விட்டான். மல்லிகா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்லவில்லை.

அதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். இருபது வருஷத் திமிர் விடுமா? வராந்தாவில் அவளை நிறுத்தி, "பாத்தியாம்மா, நம்ம பத்திரம் நின்னுடுச்சு!" என்றேன். மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எழுதினதால நிக்கலண்ணா. நீங்க எழுதியும் நின்னுச்சு."

நாங்கள் எழுதுகிறதையும் முழுசாகப் படித்துப் பார்க்கக் கோர்ட்டில் ஒருவருக்கு அரசாங்கம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருப்பதால்தான், இந்த ஜில்லாவில் பல பேர் இன்னும் அவரவர் வீட்டில் படுத்து எழுந்திருக்கிறார்கள்.