தொடாதே அக்காவின் நாற்காலி

அருங்காட்சியகத்தில் மேல்மாடிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மாளுக்குப் பெற்றவர்கள் என்ன பேர் வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பேர்தான் ஊருக்கே தெரியும்: தொடாதே அக்கா. காலையில் கதவு திறந்தால் சாயங்காலம் பூட்டுகிறவரை அவர் வாயில் அந்த ஒரு சொல்தான். வீட்டில் மகள் அடுப்பு மேல் இருக்கும் பாத்திரத்தைத் திறந்தாலும் பழக்கதோஷத்தில் அதையே சொல்லிவிடுவாராம். சொன்னது அவர் வீட்டுக்காரர், பஸ் கண்டக்டர். அவர் பஸ்ஸுக்கு பிரேக் பார்க்கிறவன் நான்.

அக்கா முன்னால் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருந்தவர். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறிக் கை வெடித்துப்போனது. இனி ஈரமே ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகு இங்கே மாறி வந்தார். ஒரு மர நாற்காலி, ஒரு காய்ந்த துணி, இதுதான் அவர் வேலைச் சாமான். இத்தனை வருஷத்தில் அங்கே இருக்கும் பொருள்களில் எது பிடித்தது என்று ஒருநாள் கேட்டேன்.

"பொருளை எங்க தம்பி பாத்தேன்? ஜனங்க கையைத்தானே பாத்துட்டு இருக்கேன்."

போன வருஷம் 'ஊருக்குத் தண்ணீர் வந்த கதை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். துருப்பிடித்த குழாய், வால்வு, வரைபடம். நடுச்சுவரில் கண்ணாடிக்குள் பெரிய போட்டோ ஒன்று. தண்ணீர்த் தொட்டி கட்டி முடித்த அன்று வேலையாட்கள் வரிசை வரிசையாக நிற்கிறார்கள். அதில் என் அப்பா இருக்கிறார். எந்த ஆள் என்பதுதான் தெரியாது. நான் தவழ்கிறபோதே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் ஒரு படமும் கிடையாது. "தொட்டிகிட்ட நிக்க வெச்சு போட்டோ புடிச்சாங்க" என்று அம்மா சொன்னதுதான் என் கையிருப்பு.

ஞாயிற்றுக்கிழமைகளில் போய் அத்தனை முகத்திலும் என் மூக்கைத் தேடினேன். முன்வரிசையில் முறுக்கு மீசையோடு ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி நின்றார். இவர்தான் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

"அந்த கிரீஸ் கை உங்களோடதா?" பின்னால் அக்கா. "வாராவாரம் மீசைக்காரர் மூஞ்சியில கருப்பா ஒரு விரல். அவர் உங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பா. அப்படித்தான் நினைக்கிறேன்."

"நினைக்கிறீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அடையாளம் காட்ட அம்மா ஒருத்திதான் இருக்கிறாள். அவளுக்கு முழங்கால் போய்விட்டது, மாடி ஏற மாட்டாள். போனில் எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினால் "எறும்பு வரிசையாட்டம் இருக்கு" என்கிறாள். பெரிதாக்கினால் முகம் கலங்கிவிடுகிறது. வருகிற ஞாயிறோடு கண்காட்சி முடிகிறது. இரவல் வாங்கிய படம், வந்த ஊருக்கே திரும்பிப் போய்விடும்.

அக்கா தன் நாற்காலியைத் தட்டிப் பார்த்தார். "என்னையே தாங்குது, உங்கம்மாவைத் தாங்காதா? சனிக்கிழமை கூட்டிட்டு வாங்க. நீங்க கையைக் கழுவிட்டு வாங்க."

சனிக்கிழமை நாற்காலி கீழே காத்திருந்தது. லீவு போட்ட கண்டக்டர் ஒரு கால், காவலாளி ஒரு கால், நான் ஒன்று. நாலாவது காலுக்கு அருங்காட்சியக அதிகாரியே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்.

"நாலு பேர் தூக்க எனக்கு இன்னும் நாள் இருக்குடா" என்றாள் அம்மா.

"இது ஒத்திகை பெரியம்மா. காலை உள்ள மடக்குங்க, கம்பியில இடிக்கும்" என்றபடி அக்கா முன்னால் ஏறினார்.

படத்துக்கு நேராக இறக்கினோம். மீசைக்காரரைக் காட்டினேன்.

"இவனா? இவன் மேஸ்திரி. இவனைக் கண்டாலே உங்கப்பா பின்னாடி போய் நின்னுக்குவாரு."

அம்மாவின் விரல் பின்வரிசைக்குப் போயிற்று. ஓரத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரிக்கும் ஓர் இளவட்டம். அந்தப் பக்கம் என் கண் ஒருதரம்கூடப் போனதில்லை.

"காதைப் பாரு, முறம் மாதிரி. அதையாவது உனக்கு விட்டுட்டுப் போனாரே."

சொல்லிவிட்டு உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். எடுக்கவில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். வாயில் அந்தச் சொல் வரவில்லை.

மறுநாள், கடைசி நாள், மறுபடி போனேன். கண்ணாடி பளபளவென்று இருந்தது. பின்வரிசை ஓரத்தில் மட்டும் ஒரு கை அச்சு அப்படியே இருந்தது.

"அங்க துடைக்கலையா அக்கா?"

"கை எட்டலப்பா" என்றார்.

என்னைவிட அரையடி உயரம் அவர். நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கே எட்டிய இடம் அது.