ருரியேவுக்கு இன்னும் இருபத்தாறு வயது

நவம்பர் பதினேழாம் தேதி வந்தால் இஸ்திரிப் பெட்டியைக் கண்டாலே எனக்கு வெறுப்பு வந்துவிடும். அன்று காலை ஏழு மணிக்கே என் சலவைக்கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் பச்சை மழைக்கோட்டும் கையுமாக வரிசையில் நிற்பார்கள். ரயிலில் மடித்து எடுத்து வந்ததில் கோட்டில் மடிப்பு விழுந்திருக்கும். ருரியேவின் கோட்டில் மடிப்பு இருக்கக் கூடாதாம். அந்தத் துணியோ சூடு பட்டால் சுருண்டுகொள்ளும் ஜாதி, மேலே ஈரத்துணி விரித்துத்தான் தேய்க்க வேண்டும். நாற்பது வயது தாண்டிய ஆண்பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்பார்கள். குறை சொல்லவும் வழியில்லை. சத்தம் போட மாட்டார்கள், தெருவில் கிடக்கும் சிகரெட் துண்டைக்கூடப் பொறுக்கித் தங்கள் பையில் போட்டுக்கொண்டு போவார்கள். திட்ட இடம் கொடுக்காதவர்களிடம் வருகிற அலுப்பு இருக்கிறதே, அதற்கு மருந்தே கிடையாது.

ருரியே ஓர் அனிமே தொடரில், அதாவது டிவி சித்திரக் கதையில், வருகிறவள். முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் டிவியில் ஆறே மாதம் ஓடிய தொடர். அதில் மூன்று ஆண்களை மயக்கி, மூவரையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டு, பச்சைக் கோட்டோடு படகேறிப் போய்விடுவாள். நல்லவளாக ஒரு கதாநாயகியும் இருந்தாள். அவள் பெயரை இன்று யாரைக் கேட்டாலும் தலையைச் சொறிவார்கள். ருரியேவுக்கு மட்டும் வருஷா வருஷம் நவம்பர் பதினேழில் பிறந்தநாள் நடக்கிறது. எங்கள் ஹமாசாகி ஊராட்சி படகுத்துறையில் அவளுக்கு ஆள் உயரத்தில் பலகை வைத்திருக்கிறது. எங்கள் தெருவின் சாக்கடை மூடியில்கூட அவள் முகத்தை வார்த்திருக்கிறார்கள்.

அந்தத் தொடரில், துப்பறிகிறவனின் காபியில் அவள் விஷக்கட்டியைப் போட்டு, "ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள்" என்று சொல்லிச் சிரிக்கும் இடம்தான் பேர்போனது. அது நடக்கும் காபிக்கடை என் கடைக்கு அடுத்த கடை. ஜன்னல், சுவர்க்கடிகாரம், ஸ்டூல்கள் எல்லாம் அப்படியே வரைந்திருக்கிறார்கள். கடை ஃபுசாகோ சானுடையது; மரியாதைக்குப் பேரோடு 'சான்' சேர்த்துத்தான் கூப்பிடுவோம்.

ஃபுசாகோ சானுக்கு எழுபத்தொரு வயது. எதிர்த் தீவிலிருந்து இருபத்துநாலு வயதில் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தார். மாமனாரின் கடை அது. கல்யாணம் முடிந்த மறுநாளே கவுன்டருக்குப் பின்னால் நின்றவர் நாற்பத்தேழு வருஷம் அங்கேயேதான் நின்றார். பிள்ளைகள் இல்லை. வலது மணிக்கட்டில் பட்டை கட்டியிருக்கிறார். கெண்டியைத் தூக்கித் தூக்கி வந்த வலி. ருரியே பிறந்தநாளன்று மட்டும் நூறு தடவையாவது தூக்க வேண்டும். வருகிறவர்கள் எல்லோரும் "அந்தக் காபி" கேட்பார்கள். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சர்க்கரைக் கட்டியை உள்ளே போட்டு, அந்த வசனத்தைச் சொல்ல வேண்டும். குடித்தவர் கவுன்டரில் தலை சாய்த்துச் செத்துப்போவார். பிறகு எழுந்து, "அம்மா, ரொம்ப நன்றி" என்று இரண்டு தடவை குனிந்து வணங்குவார். ஜன்னலோரம் மூன்றாவது ஸ்டூல் ருரியேவுடையது. அதில் யாரும் உட்காரக் கூடாது. அன்று அதன் முன்னால் கேக் வைப்பார்கள்.

வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

தொடர் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தக் கடையில் நத்சுயோ என்று ஒருத்தி காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயது. இடது கைக்காரி, கெண்டி மூடியைச் சுண்டுவிரலால் பிடித்துக்கொண்டுதான் ஊற்றுவாள். டோக்கியோவிலிருந்து ஓவியன் ஒருவன் வந்து இரண்டு வாரம் மூலையில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு அடுத்த மாதம் நத்சுயோ ஊரைவிட்டுப் போனாள், ஓவியனோடு அல்ல, ஃபுசாகோ சானின் கணவர் தமோத்சுவோடு. பிறகு ஒருநாள் ஃபுசாகோ சான் டிவியைப் போட்டால், தன் கடை, தன் கவுன்டர், அதன் பின்னால் தன் குடியைக் கெடுத்தவள், அதே சுண்டுவிரலோடு. நானும் அன்று கூட உட்கார்ந்து பார்த்தேன். அவர் எழுந்து போய் அரிசி களைந்தார்.

அந்த மாதமே முதல் ரசிகர்கள் வந்தார்கள். கணவர் போன கடை, காற்று வாங்கிக்கொண்டிருந்த கடை. துரத்தவா முடியும்? ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வெளியாளிடம் ஒரு பெண்ணின் வீட்டுக் கதையைச் சொல்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். மற்றவர்கள் எல்லோரும் அந்தச் சாக்கடை மூடியைச் சுற்றிக்கொண்டு போவார்கள். ஃபுசாகோ சான் மிதித்துக்கொண்டுதான் போவார்.

இந்த வருஷம் பிறந்தநாளுக்கு முந்தின நாள் ஒகுரி என் கடைக்கு வந்தார். ரசிகர்களுக்குத் தலைவர் மாதிரி. இருபத்தோரு வயதில் முதலில் வந்தவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு, வரி அலுவலகத்தில் வேலை. இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு ரகசியம் சொல்கிறவரைப் போலக் குனிந்தார்.

"ஹருயோ சான், நாளைக்கு அம்மாவுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருக்கோம். அந்த ஓவியர் போன வருஷம் ஒரு பேட்டியில சொல்லிட்டார், ருரியே அவர்களோட முகம் இந்தக் கடையில வேலை செஞ்சவங்க முகமாம். தேடிக் கண்டுபிடிச்சிட்டோம். வட பக்கம் ஒரு விடுதியில வேலை பாக்கறாங்க. அம்மா கூப்பிடறாங்கன்னு சொல்லித்தான் வரவழைச்சோம், நாளைக்கு மூணு மணி ரயில்ல வராங்க."

இனிப்புப் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டேன். "ஃபுசாகோ சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"அது எப்படிங்க கேக்கறது? யார் வேலை செஞ்சாங்க, ஏன் நின்னாங்கன்னு அடுத்தவங்க விஷயத்தைத் துருவறது மரியாதை இல்லையே. அதான் நாங்களே சிரமப்பட்டுத் தேடினோம்."

மரியாதை! ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அவராவது கேட்கவில்லை. நான் சொல்லியிருக்கலாமே? 'ஐயா, அவள்தான் இந்த அம்மாவின் புருஷனை இழுத்துக்கொண்டு போனவள்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? முப்பத்து மூன்று வருஷம் கட்டிக்காத்த மானத்தை நான் உடைக்கலாமா என்று வாயை மூடிக்கொண்டேன். இன்றைக்கும் அதற்காக என்னையே நொந்துகொள்கிறேன்.

சரி, ஃபுசாகோ சானிடமாவது சொல்லிவிடுவோம் என்று சாயந்திரம் பக்கத்துக் கடைக்குப் போனேன். ஃபுசாகோ சான் சுடுநீரில் மணிக்கட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

"வா ஹருயோ. உன்கிட்ட மட்டும் சொல்றேன். நாளையோட கடையை மூடறேன். கேக்கு வெட்டினதும் சொல்லிடப் போறேன்."

"நெஜமாவா?"

"கை போச்சு, கால் போச்சு. ஒவ்வொரு வருஷமும் சொல்லணும்னு நினைப்பேன், அதுங்க மூஞ்சியப் பாத்துட்டுச் சொல்லாம விட்டுடுவேன். இந்த வருஷம் சொல்லிடணும். நல்லவேளை, இத்தனை வருஷமும் அவங்க ஒருத்தருக்கும் தெரியாம ஓட்டிட்டேன். அது போதும் எனக்கு. பேர் கெடாம இறங்கிக்கறேன்."

அதைக் கேட்ட பிறகு வந்த விஷயத்தை நான் எப்படி எடுப்பது? "கைய நல்லாத் துடைச்சுக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். இப்படியும் ஒரு சிநேகிதி!

மறுநாள் மழை. மூன்றரை மணிக்குக் கடைக்குள் நாற்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள், பாதிப் பேர் பச்சைக் கோட்டில். கேக்கில் இருபத்தாறு மெழுகுவர்த்தி. ஃபுசாகோ சான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். அந்த நேரம் பார்த்து ஒகுரி கதவைத் திறந்தார். பின்னால் ஒரு பெண், குட்டையாக, காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்து வந்தாள். முடியில் சாயம் போய் அடியில் வெளுத்திருந்தது. மார்போடு ஓர் இனிப்புப் பெட்டியை அணைத்திருந்தாள்.

"வாங்க, வாங்க" என்றார் ஃபுசாகோ சான். "நல்லா நனைஞ்சிட்டீங்களே. குடையை அந்த மூலையில வைங்க."

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது, யார் வரப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்ததால்.

அந்தப் பெண் பெட்டியைக் கவுன்டரில் வைத்தாள். "அக்கா… நான்தான், நத்சுயோ. நீங்க கூப்பிட்டீங்கன்னு சொன்னாங்க."

ஃபுசாகோ சானின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கை மட்டும் கெண்டியை அடுப்பின் மேல் வைத்தது, எடுத்தது, மறுபடி வைத்தது. ஒகுரி பூரிப்போடு கூட்டத்தைப் பார்த்து, "ருரியே அவர்களின் முகத்துக்குச் சொந்தக்காரர் இவங்கதான்!" என்றார்.

எல்லோரும் கை தட்டினார்கள். தட்டிக்கொண்டே சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார்கள், இவளைப் பார்த்தார்கள், திரும்பப் படத்தைப் பார்த்தார்கள். தட்டல் மெல்ல மெல்ல அடங்கியது. கோட்டுப் போட்ட ஒரு பெண், அந்த அமைதியைத் தாங்க முடியாமல், "அந்த வசனத்தை ஒரு தடவை சொல்லுவீங்களா?" என்று கேட்டாள். என்ன வசனம் என்று நத்சுயோவுக்குத் தெரியவில்லை. சொல்லிக்கொடுத்தார்கள். விடுதி விருந்தாளிக்குச் சொல்வதைப் போல, "ஆறுறதுக்குள்ள குடிச்சிடுங்க, ஐயா" என்றாள். மறுபடி கை தட்டினார்கள், மரியாதைக்கு.

நின்று நின்று அவளுக்குக் கால் வலித்திருக்க வேண்டும். பக்கத்தில் காலியாக இருந்த ஸ்டூலில் கையை ஊன்றி உட்காரப் போனாள். ஒகுரி பதறிவிட்டார்.

"மன்னிக்கணும்! தப்பா நினைக்காதீங்க. அது ருரியே அவர்களோட இடம்."

நத்சுயோ சுட்டதைப் போலக் கையை எடுத்தாள். ஸ்டூலைப் பார்த்து, "தெரியாம வந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று குனிந்தாள். அறுபது வயசுப் பெண் ஒரு காலி ஸ்டூலிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளைப் பழித்துத்தான் இத்தனை வருஷம் பேசியிருக்கிறேன், எனக்கே கண் கலங்கிவிட்டது.

ஃபுசாகோ சான் கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். அவர் அறையப் போகிறார் என்று நினைத்தேன். நேராக ஸ்டூலிடம் போய் கேக் தட்டை அந்தப் பக்கம் தள்ளினார்.

"உக்காரு."

"அம்மா, அது வந்து…" என்றார் ஒகுரி.

"ஸ்டூல் என்னோடது. நத்சுயோ, உக்காருன்னு சொல்றேன்ல?" பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "இன்னையோட கடையை மூடறேன். இத்தனை வருஷம் வந்து போனதுக்கு நன்றி."

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்க மாட்டார்கள். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் குனிந்தார்கள். சிலர் அழுதார்கள். கோப்பைகளை அவர்களே கழுவிக் கவிழ்த்துவிட்டு, ருரியே போன மாதிரியே ஐந்து மணிப் படகேறிப் போய்விட்டார்கள்.

ஒகுரி மட்டும் என் கடையில் எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்திருந்தது. "ஹருயோ சான், நான் ஏதோ பெரிய தப்புப் பண்ணிட்டேனா?"

"ஆமா."

"என்னன்னு… கேக்கலாமா?"

"கேக்கக் கூடாது."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார், பாவம்.

நான் பக்கத்துக் கடைக்குப் போனபோது நத்சுயோ இன்னும் ஸ்டூலில்தான் இருந்தாள். கேக்கைத் தொடவில்லை. "அவர் என்கூட ரெண்டு வருஷம்தான் இருந்தார், அக்கா. அப்புறம் வேற ஒருத்தியோட போயிட்டார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என்கூடப் பதினாலு வருஷம் இருந்ததும் கடைக்காகத்தான்" என்றார் ஃபுசாகோ சான். "காபி வேணுமா? நீயே ஊத்திக்கோ, என் கை வராது."

அவளை ஆறு மணி ரயிலுக்கு வழியனுப்பிவிட்டு வந்து கதவை உள்ளிருந்து பூட்டினார். நத்சுயோ கொண்டுவந்த இனிப்புப் பெட்டி பிரிக்காமல் கவுன்டரில் கிடந்தது. என்னால் அடக்க முடியவில்லை.

"அவளைப் போய் உக்கார வச்சீங்களே. மன்னிச்சிட்டீங்களா?"

ஃபுசாகோ சான் மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்துக்கொண்டே யோசித்தார். "மன்னிக்கறதுக்கும் தெம்பு வேணுமில்ல, ஹருயோ? அவளுக்குக் கால் வலிச்சுது. உக்கார வைக்கத்தான் எனக்குத் தெம்பு இருந்துச்சு."