அம்மாவின் நாற்காலி

தண்ணீர் லாரி வந்த ஒரு காலையில் குடத்தோடு சறுக்கி விழுந்து அம்மா வலதுகாலை முறித்துக்கொண்டாள். எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் வீடு. அத்தா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, இரண்டு சித்தப்பாக்கள், பிள்ளைகள் நாங்கள் நால்வர். அத்தனை பேருக்கும் அம்மா ஒருத்திதான் சமையல். பௌர்ணமி வந்தால் அத்தாவின் டீக்கடைக்கும் சேர்த்து வடைமாவு ஆட்டுவாள்.

கால் முறிந்ததும் கீழ்பென்னாத்தூரிலிருந்து அத்தை வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்டாள். அத்தா கடையிலிருந்து ஒரு மர நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அம்மா அதில் உட்கார்ந்தே தொழுதாள். தொழுது முடித்தும் எழுந்திருக்க மாட்டாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மாவுக்கட்டைப் பிரித்தபோது அம்மாவின் கால் என் கை மாதிரி சூம்பிப் போயிருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்க ஓர் இளம் டாக்டரம்மா இருந்தார். காலை நீட்டு, மடக்கு என்று அவர் சொன்னதையெல்லாம் அம்மா வீட்டில் செய்யவேயில்லை. ஒருநாள் அவர் சலித்துப்போய், நீங்கள் எப்படித் தொழுவீர்கள், செய்து காட்டுங்கள் என்றார்.

அத்தா திரைக்கு வெளியே நின்றார், நான் உள்ளே அம்மாவோடு இருந்தேன். அம்மா பாயில் நின்றாள். டாக்டரம்மா பக்கத்தில் மண்டியிட்டு அம்மாவின் கெண்டைக்காலில் கைவைத்துக்கொண்டார். அம்மா குனிந்தபோது தொடையின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். சஜ்தாவில் நெற்றியைத் தரையில் வைத்து, கால்விரல்களை ஊன்றி, மறுபடி மெல்ல எழுந்தபோது முன்தொடை கல்லாக இறுகியதாம். என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கடியில் ஏதோ நடுங்கியது. அம்மாவுக்கு வியர்த்திருந்தது.

"இதவிட நல்ல பயிற்சி நான் என்னங்க சொல்லப்போறேன்? இனிமே நாற்காலி வேணாம். அஞ்சு வேளையும் இப்பிடியே தொழுங்க, கால் தானா தேறிடும்."

அம்மா தாழ்ந்த குரலில் கேட்டாள். "இன்னும் கொஞ்ச நாள் உக்காந்தே தொழக்கூடாதாங்க?"

வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து டாக்டரம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆட்டோவில் வரும்போது அத்தா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தார். அம்மா வெளியே மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஒரு வாரத்தில் அத்தை ஊருக்குக் கிளம்பினாள். நாற்காலி கடைக்குப் போனது. அம்மா விடியலில் எழுந்து மாவாட்டினாள். கால் நாளுக்கு நாள் தேறியது. அவள் தொழுகை மட்டும் நீண்டுகொண்டே போனது. சஜ்தாவில் நெற்றியை வைத்தால் லேசில் எழுந்திருக்க மாட்டாள். டீ கேட்க வரும் சித்தப்பா, அவள் தொழுவதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போவார். நாங்களும் கூப்பிட மாட்டோம்.

காலில் பலம் ஏறிவிட்டது, அதனால்தான் அம்மாவால் இவ்வளவு நேரம் தொழ முடிகிறது என்று தம்பியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் எங்களுக்காக என்னென்ன துஆ கேட்கிறாள் என்றுகூட யோசித்துப் பார்த்திருக்கிறேன். எனக்கென்று ஒரு குடும்பமும் அடுப்பும் வந்த பிறகுதான், அந்தப் பாயில் அவள் எதையுமே கேட்காமல் வெறுமனே கிடந்திருக்கலாம் என்று தோன்றியது.